வழிபாட்டுக் கூடத்துக்குள் நோட்டுப் புத்தகத்தோடு போவது எப்படி?

கேட்டவர் சமூகவியல் இளங்கலை இறுதியாண்டு மாணவர். பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு மதச் சமூகத்தை ஒரு பருவத்துக்குள் கள ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டுமாம். எதைத் தேர்ந்தெடுப்பது, உள்ளே எப்படிப் போவது, என்ன கேட்பது என்று மூன்று கேள்விகள். நாலாவதாக, "எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, இதை அவர்களிடம் சொல்வதா மறைப்பதா?" என்று ஒன்று. இந்த நாலாவதுதான் உங்களை உண்மையில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். மாணவர்களின் முதல் வரைவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: பக்கம் பக்கமாக அந்த மதத்தின் வரலாறு, வேதநூல், கொள்கை, கடைசியில் ஒரு பக்கம், "நேரில் சென்றபோது அன்போடு வரவேற்றார்கள்." அந்த முதல் பகுதியெல்லாம் நூலகத்தில் கிடைப்பது. உங்களிடம் மட்டுமே கிடைக்கக்கூடியது, இந்தக் கூடத்தில் இந்த மனிதர்கள் இந்த மாதங்களில் என்ன செய்தார்கள் என்பது. அறிக்கையின் எடை முழுவதும் அங்கே விழ வேண்டும். "பௌத்தம்" என்பது ஒரு பருவத்துக்கான தலைப்பே அல்ல. வாடகைக் கட்டடத்தின் மாடியில் வாரம் ஒருமுறை கூடித் தியானம் செய்யும் நாற்பது பேர் என்றால் அது தலைப்பு. அந்த நாற்பது பேரில் புதிதாக வருகிறவர் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆள் ஆகிறார் என்று கேட்டால் அது கேள்வி. அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

மாணவர் வேலைதானே, இதில் என்ன பெரிதாகத் தெரியவரும் என்றும் நினைக்க வேண்டாம். 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியபின் ஆசியாவிலிருந்து ஏராளமானோர் அங்கே குடியேறினார்கள். கோயில்களும் பள்ளிவாசல்களும் குருத்வாராக்களும் பௌத்த மையங்களும், பல ஊர்களில் வெளியே தெரியாமல், பழைய கிடங்குகளிலும் வீடுகளிலும் கூட, முளைத்தன. ஹார்வர்டில் இந்தியச் சமயங்களைக் கற்பித்துவந்த டயானா எக் 1991-இல் 'புளூரலிசம் புராஜெக்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கி, கோடை விடுமுறையில் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பினார்: போய், உங்கள் ஊரில் யார் யார் எங்கே எப்படி வழிபடுகிறார்கள் என்று பார்த்து எழுதி வாருங்கள். அந்தக் குறிப்புகளின் மேல் கட்டிய குறுந்தகடு 1997-இல் வந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகம் 1976-இலேயே தன் நகரத்தின் மதச் சமூகங்களை ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அங்கும் மாணவர்கள் தெருத் தெருவாக நடந்திருக்கிறார்கள்.

எந்தச் சமூகம் என்பதற்கு என் அளவுகோல் எளியது. வாரம் தவறாமல் உங்களால் போக முடிகிற தூரமா? அவர்கள் தங்களுக்குள் பேசும் மொழி உங்களுக்குப் புரியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் போதும். விசித்திரமான குழுவாகத் தேடி அலைய வேண்டாம். சாதாரணமான, மந்தமான, வயதானவர்கள் நிறைந்த ஒரு சபைகூட உள்ளே போனால் சாதாரணமாக இருக்காது.

சொந்தச் சமூகத்தையே எடுக்கலாமா? எடுக்கலாம். ஆனால் கதவு தானாகத் திறக்கும் என்று எண்ணாதீர்கள். ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1927-இல், மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவியாக, தான் வளர்ந்த ஃபுளோரிடாவுக்கே நாட்டார் கதைகளும் பாடல்களும் சேகரிக்கப் போனார். அதே மண், அதே கறுப்பின மக்கள், அதே பேச்சு. ஆனால் கல்லூரி மெருகேறிய உச்சரிப்பில், "மன்னிக்க வேண்டும், உங்களுக்கு நாட்டுப்புறக் கதைகள் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டவருக்குத் தலையாட்டல்தான் பதிலாகக் கிடைத்தது. அப்படியெல்லாம் இங்கே எதுவும் இல்லையே, பக்கத்து மாவட்டத்தில் இருக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பின்னால் அவரே இதைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். அப்புறம் அவர் வழியை மாற்றிக்கொண்டார். நியூ ஆர்லியன்ஸில் ஹூடூ எனும் கறுப்பின மக்களின் மாந்திரீகச் சடங்குகளை, அதைச் செய்பவர்களிடமே சீடராக இருந்து கற்றார். பிறப்பால் நாம் உள்ளே இருந்தாலும் பல்கலைக்கழகத் தொனி நம்மை வெளியே தள்ளிவிடும். இன்னொரு பக்கம், வெளியாளுக்கு ஒரு சலுகை உண்டு: அசட்டுக் கேள்வி கேட்கலாம். "இதை ஏன் இடது கையால் தொடக் கூடாது?" என்று சொந்தச் சமூகத்தில் கேட்டால், "இதுகூடத் தெரியாதா, வீட்டில் சொல்லித் தரவில்லையா?" என்று முடிந்துவிடும்.

அனுமதிக்கு வருவோம். துறைத் தலைவரின் கடிதத்தோடு பொறுப்பாளரை நேரில் பாருங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது பெரும்பாலும் வீண். அதற்கு முன்பே ஒன்றிரண்டு முறை பொது வழிபாட்டுக்குச் சாதாரணமாகப் போய் உட்கார்ந்திருந்தால் நல்லது, எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் பொறுப்பாளரின் அனுமதி என்பது முதல் வாசல் மட்டுமே. சமூகவியலாளர் எம். என். ஸ்ரீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தபோது ஊர்த் தலைவரின் ஆதரவில் தங்கினார். அந்த ஆதரவாலும் தன் சாதியாலும் தலித் மக்களோடும் முஸ்லிம்களோடும் தாராளமாகப் பழக முடியாமல் போனதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆய்வாளருக்கே அப்படி. உங்களை ஓர் அறங்காவலர் தோளில் கைபோட்டு அழைத்துப் போனால், நீங்கள் பார்க்கப்போவது அறங்காவலரின் கோயிலை. அவர் அறிமுகப்படுத்தும் ஐந்து பேரும் அவரைப் போலவேதான் பேசுவார்கள். நன்றி சொல்லிவிட்டு, மெதுவாகப் பக்கவாட்டில் நகருங்கள்: கூட்டிப் பெருக்குகிறவர், சமையற்கட்டில் இருக்கும் பெண்கள், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் பையன், எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து முடியும் முன்பே கிளம்பிவிடுகிறவர். முடிந்தால், ஒரு காலத்தில் வந்து இப்போது வருவதை நிறுத்திவிட்டவரையும் தேடிப் பிடியுங்கள். அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று இல்லை. ஆனால் உள்ளே யாரும் சொல்லாத ஒன்றை அவர் சொல்வார்.

சில இடங்களில் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அதைத் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க் காவல்துறை பள்ளிவாசல்களிலும் முஸ்லிம் மாணவர் சங்கங்களிலும் ஆட்களை வைத்து உளவு பார்த்ததை 2011-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. அந்த ஆட்களில் சிலர் நட்பாகப் பழகி, தொழுகைக்கு வந்து, யார் என்ன பேசினார்கள் என்று குறித்துக்கொண்டு போனவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் செய்வதும் அதேதான். சிறுபான்மைச் சமூகம் ஒன்றில், "இதையெல்லாம் எழுதி யாரிடம் கொடுப்பாய்?" என்று கேட்டால், யார் படிப்பார்கள், எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று துல்லியமாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முடியாது என்று சொன்னால் விட்டுவிடுங்கள். சம்மதிக்க வைக்கப் பேசிப் பேசிக் கரைப்பது ஆய்வில் சேராது.

இப்போது அந்த நாலாவது கேள்வி. இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நான் ஆய்வுக்கு வந்த மாணவர் என்பதை மறைக்கவே கூடாது. எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை முதல் நாளே பறைசாற்றத் தேவையில்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது.

முதல் பாதிக்கு, மறைத்ததால் என்ன ஆனது என்று பாருங்கள். 1954-இல் சிகாகோ அருகே ஒரு சிறு குழு, அந்த டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், பறக்கும் தட்டுகள் வந்து தங்களைக் காப்பாற்றும் என்று நம்பிக் காத்திருந்தது. லியோன் ஃபெஸ்டிங்கரும் இரு சக உளவியலாளர்களும், நம்பிக்கை பொய்த்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க, பக்தர்கள் என்ற வேஷத்தில் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். உள்ளே நுழைய ஒரு பெண் பார்வையாளர், வெள்ளத்திலிருந்து தன்னை ஒருவர் காப்பாற்றுவதாகக் கனவு கண்டேன் என்று கட்டிச் சொன்னார். குழுவினர் பூரித்துப்போனார்கள், இது மேலுலகம் அனுப்பிய செய்தி என்றார்கள். ஆக, எந்த நம்பிக்கையை அளக்கப் போனார்களோ அதற்கு அவர்களே உரம் போட்டார்கள். சின்னக் குழுவில் வேஷதாரிகள் சிலர் இருந்தாலே கூட்டத்தின் கணிசமான பங்கு அவர்களாகிவிடும். அறம் ஒருபுறம் இருக்கட்டும், தரவே கெட்டுப்போகிறது. இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் ஒரு மாணவருக்கு இதை எளிதில் அனுமதிக்காது.

இரண்டாம் பாதிக்கு, பிரிட்டனில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967-இல் சமய ஆய்வுத் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட்டின் நிலைப்பாடு உதவும். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை ஆய்வுக் காலம் முழுவதும் அப்படியே ஒதுக்கி வைத்துவிடுவது; இருக்கிறார் என்றும் எழுதுவதில்லை, இல்லை என்றும் எழுதுவதில்லை. அவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "நான் இந்த நம்பிக்கையில் வளரவில்லை. நீங்கள் இதை எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்." பெரும்பாலும் இது போதும். போதாதவர்கள் உங்களை மாற்றப் பார்ப்பார்கள், உங்களுக்காகப் பிரார்த்தனை செய்வார்கள். கோபப்படாதீர்கள். ஒரு புதியவரை அந்தச் சமூகம் எந்தச் சொற்களால் இழுக்கிறது என்பது உங்கள் மடியிலேயே வந்து விழுகிறது, அன்றிரவே எழுதி வையுங்கள். ஆனால் மாறப்போகிறேன் என்று நம்பவைத்து நாளைக் கடத்தக் கூடாது. ஜான் லோஃப்லண்ட் கலிஃபோர்னியாவில் பட்ட ஆய்வு மாணவராக இருந்தபோது கொரியாவிலிருந்து வந்த புதிய மத இயக்கம் ஒன்றின் சிறு கிளையோடு நெருங்கிப் பழகினார். இவர் சேரப்போவதில்லை என்பது உறுதியானதும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எதில் கலந்துகொள்வது, எதில் கூடாது? அவர்கள் எழும்போது எழுந்து உட்காரும்போது உட்காருவது மரியாதை. உறுப்பினர்களுக்கு மட்டுமான சடங்குகள் உண்டு. பல திருச்சபைகளில் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மட்டுமே நற்கருணை. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வரிசை நகரத் தொடங்கியபின் யோசிக்க நேரம் இருக்காது. உடை, தலையை மூடுவது, ஆண் பெண் எங்கே உட்காருவது என்பதெல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும்.

பார்ப்பதைப் பற்றி ஒரே ஒரு வற்புறுத்தல்: எண்ணுங்கள். அமெரிக்கர்களில் சுமார் 40 சதவீதம் பேர் போன வாரம் தேவாலயத்துக்குப் போனதாகக் கருத்துக்கணிப்புகளில் சொல்லிவந்தார்கள். 1993-இல் ஹேடவே, மார்லர், சேவ்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் உண்மையான வருகையைக் கணக்கெடுத்தபோது அதில் ஏறக்குறையப் பாதிதான் தேறியது. ஓஹாயோவில் சில தேவாலயங்களின் வாகன நிறுத்தத்தில் நின்ற கார்களைக்கூட எண்ணினார்கள். மக்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. "நான் போகிற ஆள்" என்ற எண்ணம் "போன வாரம் போனேன்" என்று வெளிவருகிறது, அவ்வளவுதான். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் திருவிழா நாளின் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். நீங்கள் ஒவ்வொரு வாரமும் தலைகளை எண்ணி, எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பேர் தாமதம் என்று குறித்தால், இரண்டே மாதத்தில் பொறுப்பாளருக்கே தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். எதையெல்லாம் பார்ப்பது என்று திகைத்தால் ஸ்மார்ட் வகுத்த ஏழு பரிமாணங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்: சடங்கு, கதை, அனுபவம், அமைப்பு, அறம், கோட்பாடு, பொருள்கள். மாணவர்கள் தவறவிடுவது எப்போதும் அந்தக் கடைசியைத்தான். அறிவிப்புப் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறது, நன்கொடையாளர் பெயர் எங்கே பொறித்திருக்கிறது, எந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்பதெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள்.

நேர்காணலில் "ஏன்" என்பதைத் தள்ளிப்போடுங்கள். "ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டால், பல முறை மேடையேறிப் பளபளப்பான சாட்சியம்தான் கிடைக்கும்: இருளில் இருந்தேன், ஒளி கண்டேன். அது பொய்யல்ல, ஆனால் அந்தச் சமூகம் கற்றுக்கொடுத்த வடிவம். மேலே சொன்ன லோஃப்லண்டும் ராட்னி ஸ்டார்க்கும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது என்ன? மதம் மாறியவர்கள் கோட்பாட்டைக் காரணமாகச் சொன்னாலும், நடந்ததை வரிசையாகப் பார்த்தால், உள்ளே இருந்த யாரோ ஒருவரோடு ஏற்பட்ட நெருக்கமும் வெளியே தளர்ந்துபோன உறவுகளும் அதில் பெரும் பங்கு வகித்திருந்தன. அதனால் கேள்வியைக் கீழே இறக்குங்கள். முதல் தடவை யார் கூட்டி வந்தார்? அன்று எங்கே உட்கார்ந்தீர்கள்? வீட்டில் என்ன சொன்னார்கள்? உடம்பு சரியில்லாமல் இருந்தபோது இங்கிருந்து யார் வந்து பார்த்தார்? இப்படிக் கேட்டால் அந்த "ஏன்" தானே வரும்.

நம்பிக்கையைப் பற்றியே கேட்க வேண்டும் என்றாலும் இதே வழிதான். மானுடவியலாளர் டான்யா லூர்மன் அமெரிக்காவின் வைன்யார்டு என்ற கிறிஸ்தவச் சபைகளில் பல காலம் பழகி ஆய்வு செய்தார். கடவுள் இவர்களோடு பேசுகிறாரா என்று அவர் கேட்கவில்லை. தன் மனதில் எழும் எண்ணங்களில் எது கடவுளுடையது என்று அடையாளம் காண இவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று கேட்டார். கடவுளுக்கும் ஒரு கோப்பை காபி ஊற்றி எதிரே வைத்துக்கொண்டு பேசிப் பழகுகிறவர்களைப் பார்த்தார். முதல் கேள்விக்கு எந்த ஆய்வாலும் பதில் கிடையாது. இரண்டாவதற்கு ஒரு புத்தகம் அளவுக்குப் பதில் கிடைத்தது.

குறிப்பெடுப்பது சலிப்பான வேலை, ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. வழிபாட்டின் நடுவே எழுதாதீர்கள். வெளியே வந்ததும் சில சொற்களைக் கிறுக்கிவிட்டு, அன்றிரவே விரித்து எழுதுங்கள். நான் பார்த்தது, பிறர் சொன்னது, எனக்குத் தோன்றியது, மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து இவை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. நகலை வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஸ்ரீனிவாஸ் தன் கிராமத்து ஆய்வைத் தொகுத்து எழுதிய குறிப்புகளின் மூன்று படிகளும் ஸ்டான்ஃபோர்டில் ஒரே அறையில் இருந்தன. 1970 ஏப்ரலில் அந்தக் கட்டடத்துக்கு யாரோ தீ வைத்ததில் மூன்றும் போயின. அவர் நினைவிலிருந்தே எழுதி, 1976-இல் வெளிவந்த அந்த நூல் இன்று பாடநூலாக இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த நினைவாற்றல் கிடையாது.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அறுபது பேர் உள்ள சபையில் "ஓய்வுபெற்ற செவிலியர், பாடகர் குழுத் தலைவி" என்று எழுதினால், என்ன பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பவர்களுக்கு யார் என்று தெரியும். அவரைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாததுதான் ஆபத்தானது, வெளியாள் தெரிந்துகொள்வதல்ல. இரண்டு கோஷ்டி இருந்தால், கட்டாயம் இருக்கும், ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் உங்களைச் சேர்த்தால், அங்கே வரும் செய்திகளை மேற்கோள் காட்ட எழுதியவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். சேர்த்ததே சம்மதம் ஆகாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை இந்தச் சுற்றில் நேர்காணவே வேண்டாம்.

வரைவு முடிந்ததும் பொறுப்பாளரிடமும், நீண்ட நேரம் பேசிய இரண்டு மூன்று பேரிடமும் படிக்கக் கொடுங்கள். தகவல் பிழை என்று காட்டினால் உடனே திருத்துங்கள். "இப்படி எழுதினால் எங்களுக்குக் கெட்ட பெயர்" என்றால், ஒருவரைக் காயப்படுத்தக்கூடிய விவரமா, அல்லது அவர்களுக்குப் பிடிக்காத விளக்கமா என்று பாருங்கள். முன்னதை எடுத்துவிடுங்கள். பின்னதை வைத்துக்கொண்டு, அவர்கள் மறுத்துச் சொன்னதையும் அதன் கீழேயே அவர்கள் சொற்களில் சேருங்கள். அந்த மறுப்பு பல சமயம் அறிக்கையின் சிறந்த பத்தியாக அமைந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். எந்தச் சமூகம் என்று முடிவாகும் வரை காத்திருக்காமல், வழிகாட்டும் பேராசிரியரிடம் இந்த வாரமே கேட்டு விண்ணப்பப் படிவத்தை வாங்கிவிடுங்கள்.